இரண்டு பேர் எய்த மான்

எங்கள் வட்டாரத்தில் வெர்னா சல்மிக்கு ஈடாக வில் பிடிக்க ஆண்பிள்ளைகளிலும் ஆள் கிடையாது. நூறு கெஜத்துக்கு அப்பால் கொடியில் காய்கிற சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தானை மட்டும் அம்பால் கொத்தி எடுத்துவிடுவாள். போனது சட்டைக்கே தெரியாது. இது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். நூறு கெஜம் இல்லை, இருபது. பொத்தானோடு சட்டைப்பையும் கிழிந்து போயிற்று. சட்டை என் வீட்டுக்காரருடையது, அதனால் இதில் பொய் சொல்ல எனக்கு வசதியில்லை. ஆனால் இருபது கெஜத்துக்குள் வெர்னாவின் கை தப்பியதே கிடையாது. தப்பிய ஒரே தடவை அது நாற்பது கெஜம். அதற்குக் காரணம் அவள் கை இல்லை, அவள் ஓரகத்தி.

வெர்னா பள்ளிக்கூடச் சமையல்காரி. இருநூறு பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கிண்டிக் கிண்டி அவள் முன்கை உருட்டுக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. புருஷன் ஆர்வோ, குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மற்ற மாதங்களில் அதைப் பற்றியே பேசுகிறவன். மாமனார் டோய்வோவுக்கு எண்பது ஏக்கர் காடு. காட்டின் முகப்பில் மூன்று வீடுகள். நடுவில் கிழவர், வலப்பக்கம் மூத்தவன் ஆர்வோ, இடப்பக்கம் இளையவன் ரெய்னோ. மூன்று வீட்டுக்கும் பொதுவாகக் கொல்லையில் ஒரு சாவ்னா. சனிக்கிழமை தோறும் அடுப்புக் கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் குடும்பமே முறைபோட்டு வேர்த்துக் குளிக்கும். ஆண்கள் ஒரு முறை, பெண்கள் ஒரு முறை.

அந்த சாவ்னாவின் கதவு நிலையில் ஓர் ஆணி உண்டு. தங்கத்தில் அடித்தது இல்லை, துருப்பிடித்த சாதாரண ஆணிதான். ஆனால் சல்மி வீட்டார் மாதா கோயில் சிலுவைக்குப் பயந்ததைவிட அதற்கு அதிகம் பயந்தார்கள். வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு என்று அரசாங்கம் கொடுக்கும். மான் விழுந்தால் அதன் மேல் அந்தச் சீட்டைக் கட்ட வேண்டும். இது ஊருக்கெல்லாம் பொது. கிழவரின் சட்டம் அதைவிடக் கடுமை. அம்போ குண்டோ பட்டு ரத்தம் சிந்திய மான் கிடைக்காமல் போனால், அது கிடைத்த மாதிரிதான். சீட்டை ஆணியில் மாட்டிவிட்டு, வில்லோ துப்பாக்கியோ அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அடுத்த வருஷம் வரை காட்டுப்பக்கம் தலைவைக்கக் கூடாது.

"ஒண்ணக் காட்டுல சாக விட்டுட்டு வந்து இன்னொண்ணுக்குக் கை நீட்டறவன் என்கூட வேர்த்துக் குளிக்க வேணாம்" என்பார் கிழவர்.

ஆர்வோவின் சீட்டு அந்த ஆணியில் ஒரு தடவை தொங்கியிருக்கிறது, ரெய்னோவின் சீட்டு இரண்டு தடவை. கிழவரே ஒரு வருஷம் தன் சீட்டை மாட்டிவிட்டு நவம்பர் முழுவதும் வாசலில் உட்கார்ந்து கரண்டிக் காம்பு செதுக்கினார். வெர்னாவின் சீட்டு மட்டும் தொங்கியதே இல்லை.

அவள் வில்லை ஏன் எடுத்தாள் என்று கேட்டால் ஆளுக்குத் தகுந்த பதில் வரும். மாதா கோயில் பெண்களிடம், "துப்பாக்கின்னா மானுக்கு என்ன வாய்ப்பு இருக்கு? வில்லுன்னா அதுக்கும் ஒரு வாய்ப்பு, எனக்கும் ஒரு வாய்ப்பு" என்று தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வாள். கேட்க நன்றாக இருக்கும். உண்மைக் காரணம் உருளைக்கிழங்கு. நவம்பரில் துப்பாக்கிக் காலம் வந்தால் சல்மி ஆண்களும் அவர்கள் சிநேகிதர்களுமாக ஒன்பது பேர் காட்டுக் குடிசைக்குப் போவார்கள். வெர்னா கூடப் போய்ப் பதினைந்து நவம்பர்கள் அவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டாள். ஒரு வருஷம் தனக்கும் ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்டாள்.

"நீயும் போயிட்டா உருளைக்கிழங்க யாரும்மா வறுக்கறது?" என்றார் கிழவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

யாருக்கும் உருளைக்கிழங்கு தேவைப்படாத மாதமாகப் பார்த்தாள். வில்லுக்கு உரிய அக்டோபர்தான் அப்படி இருந்தது.

ஆனால் மரத்தில் பரண் கட்டி ஏறி உட்கார்ந்த பிறகு மூன்றாவது காரணம் ஒன்று தானாக வந்து சேர்ந்தது. அதை அவள் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. துப்பாக்கிக்காரனுக்கு மான் ஒரு பழுப்பு நிறப் புள்ளி. வில்லுக்காரிக்கு அது மூச்சு விடுகிற உயிர். ஓக் கொட்டையைப் பல்லால் உடைக்கிற சத்தம் கேட்கும், வயிறு உறுமுவது கேட்கும், காதோரம் ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்ப்பது தெரியும். அது தலையைத் திருப்பினால் இவள் நாணை இழுக்க முடியாது. மணிக்கணக்கில் ஒருவரை ஒருவர் நம்பாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. கல்யாணம் மாதிரி என்பாள் என்னிடம்.

முதல் பெண்மான் விழுந்த அன்று அவள் இறங்கி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அதன் இதயத்தை வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியாக வாழ்க்கையில் எதுவும் சாப்பிட்டதில்லை. அந்த ருசிதான் அவளைப் பயமுறுத்தியது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வெங்காயம் காரம்" என்றாள். வீட்டில் யாரும் நம்பாமல் இல்லை.

இப்படி ஆறு வருஷம் அக்டோபர் மாதம் வெர்னாவுடையதாக மட்டும் இருந்தது. பிறகு அந்த அக்டோபருக்குள் கார்லீனும் வந்தாள்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் ரெய்னோ நாற்பது வயதில் தெற்கே பட்டணத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஏலக்காய் ரொட்டி எப்படிச் சுடுவது என்று வெர்னாவிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு, வெர்னாவுடையதைவிட மெத்தென்று சுட்டாள். இரண்டு மருமகள்களும் டோய்வோவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கார்லீன் கூப்பிட்டால் கிழவருக்குக் காது கேட்டது. சாவ்னாவில் ஜன்னலோரப் பலகை வெர்னாவின் இடம். முதல் சனிக்கிழமையே தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டாள் கார்லீன். வெர்னா "பரவால்ல" என்றாள். அந்தப் பரவாயில்லை அவள் தொண்டையில் நாலு வருஷம் நின்றது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு கோடையில் கார்லீன் சக்கரம் வைத்த புது வில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன்னப் பாத்துத்தான் வெர்னா எனக்கும் ஆசை வந்துச்சு!"

"சக்கரம் வச்சதா? அப்போ பெடலும் இருக்குமே."

கார்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுதான் அவளிடம் பெரிய தொல்லை. குத்தினால் சிரித்துவிடுவாள்.

அந்த அக்டோபர் முதல் வாரமே ஒரு பெண்மானை வீழ்த்தினாள். வீழ்த்திவிட்டு, முற்றத்தில் எல்லார் முன்னாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கிழவர் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தி, "இப்படி அழுகை வர்றவதான்டா நெஜமான வேட்டைக்காரி" என்றார்.

வெர்னா காப்பிக் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். ஆறு வருஷமாகக் கொட்டகைக்குப் பின்னால் அவள் சிந்திய கண்ணீருக்கு ஒரு கைக்குட்டைகூடக் கிடைத்ததில்லை. கார்லீன் எய்த மானைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வரவில்லை. அழுததைப் பார்த்துத்தான் வந்தது.

மூன்றாம் நாள் வெர்னா பரணில் இருந்தபோது ஓக் மேட்டில் ஓர் ஆண்மான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. நாற்பது கெஜத்தில் நின்றது. அருகே வரட்டும் என்று காத்திருப்பதுதான் அவள் வழக்கம். ஆனால் அன்று அவள் கண்ணில் மான் மட்டும் தெரியவில்லை. கார்லீனும் கோட்டும் முற்றமும் தெரிந்தன. விட்டுவிட்டாள். நாண் அதிர்ந்த கையோடு தெரிந்தது, தப்பு. அம்பு மானின் இடது தோளில் தைத்தது. அது துள்ளிப் பாய்ந்து ஓடிற்று. கீழே இறங்கிப் பார்த்தால் முறிந்த அம்பின் பின்பாதி, கொஞ்சம் ரோமம், நாலைந்து சொட்டு ரத்தம். தேவதாரு சதுப்பு வரை பின்தொடர்ந்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் தேடினாள். பிறகு ரத்தத் தடம் கரைந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, இரண்டும் உண்மை.

சாயங்காலம் ஆர்வோ, "என்ன, ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டான்.

"வந்துச்சு. முதுகுக்கு மேல போயிடுச்சு அம்பு. ஒரு மயிருகூடப் படல."

அவ்வளவுதான். ஆணி காலியாக இருந்தது. அடுத்த வாரம் அந்தச் சீட்டிலேயே குட்டையாக ஒரு பெண்மானை எய்து, அதன் மேல் சீட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஊர் சாப்பிட்டது. அவளும் சாப்பிட்டாள். அந்தத் தடவை ருசி தெரியவில்லை.

ஒரு வருஷம் கழிந்தது. அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"வெர்னா! நான் ஒண்ண அடிச்சுட்டேன்! பெருசு!"

"எப்போ?"

"இப்பதான், இருபது நிமிஷம் இருக்கும். ரெய்னோ சுரங்கத்துல ஷிஃப்ட்ல இருக்காரு. உன் வீட்டுக்காரரு?"

"வண்டிய ரிப்பேர் பண்ண டவுனுக்குப் போயிருக்காரு. நீ பின்னாலயே ஓடலியே?"

"இல்ல. நீ சொன்ன மாதிரி உக்காந்துட்டேன். உக்காந்து, அப்புறம் ஓடி வந்துட்டேன். வீட்டுக்கு."

காயம் பட்ட மானை உடனே விரட்டினால் அது எழுந்து எழுந்து ஓடிச் சதுப்பில் போய்ச் சேரும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்து அடங்கும். இது அவள் கற்றுக்கொடுத்ததுதான். தடம் பார்க்கக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. விரோதி கூப்பிட்டாலும் போக வேண்டும். தவிர அந்தக் குடும்பத்தில் ரத்தம் பார்த்துத் தடம் சொல்ல வெர்னாவை மிஞ்ச ஆளில்லை. கிழவருக்கு முழங்கால் போய்விட்டது. வெர்னா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"பெருசுன்னா எவ்வளவு பெருசு?" வழியில் கேட்டாள்.

"கொம்ப எண்ணல. பயத்துல கண்ண மூடிட்டேன்னு நெனைக்கிறேன்."

வெர்னாவுக்கு இரண்டு காதும் சூடாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு!

பரணுக்குக் கீழே கார்லீனின் அம்பு மண்ணில் குத்தி நின்றது. வெர்னா அதை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். குடல் நாற்றம் இல்லை. ரத்தம் இளஞ்சிவப்பாக, சிறு சிறு நுரைக் குமிழோடு இருந்தது. நுரையீரல். மிக நல்ல அடி.

"எப்படி?" என்றாள் கார்லீன்.

"பரவால்ல" என்றாள் வெர்னா.

தடம் பிடித்துப் போனார்கள். வெர்னா முன்னே, கார்லீன் பின்னே. ஒவ்வொரு சொட்டு ரத்தத்துக்கும் பக்கத்துக் கிளையில் கார்லீன் கழிப்பறைக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து மாட்டினாள். தடம் தவறினால் திரும்பிப் பார்த்து வழி கண்டுபிடிக்க அதுதான் உபாயம். திரும்பிப் பார்த்தால் காடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஓடைக்கரைச் சேற்றில் குளம்புத் தடம் தெளிவாக விழுந்திருந்தது. வெர்னா குனிந்தாள். மூன்று குளம்புகள் ஆழமாக ஊன்றியிருந்தன. இடது முன்னங்காலின் இடத்தில் குளம்பு பதியவில்லை, ஒரு கோடு இழுத்திருந்தது. கார்லீனின் அம்பு பட்டது வலது விலாவில். இந்த நொண்டல் இன்றைக்கு வந்தது இல்லை. பழையது.

இடது தோள். ஓக் மேடு. சாகவில்லை அது. ஒரு வருஷமாக அவளுடைய இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தக் காட்டிலேயே நடந்திருக்கிறது.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. சேறு."

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வோர் அடியும் அவளுக்குக் கனத்தது. மான் கிடைத்தால் அறுப்பார்கள். அறுத்தால் தோள் பிரியும். தோள் பிரிந்தால் அம்புமுனை வெளியே வரும். ஊரில் எல்லாரும் கடையில் விற்கிற மூன்று தகட்டு முனை வைத்திருந்தார்கள். இரண்டு தகட்டு முனையை வாங்கி அரத்தால் தானே தீட்டி, அடியில் ஒரு வெட்டுப் போட்டு வைத்துக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான். மான் கிடைக்காவிட்டாலோ? கார்லீனின் சீட்டு ஆணிக்குப் போகும். புது வில் சுவருக்குப் போகும். அடுத்த வருஷம் வரை அக்டோபர் மறுபடி வெர்னாவுக்கே. இந்த இரண்டாவது நினைப்பு முதலாவதைவிட இனிப்பாக இருந்தது என்பதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள்.

பாதை இரண்டாகப் பிரிகிற ஒரு கவையில் தடம் நின்றது. ஒரு பக்கம் மேட்டுக்கு ஏறியது, மறுபக்கம் சதுப்புக்கு இறங்கியது. பத்தடிக்கு ரத்தமே இல்லை. கார்லீன் மேட்டுப் பக்கம் கண்ணால் துழாவினாள். சதுப்புப் பக்கம் மஞ்சள் மேப்பிள் இலை ஒன்றின் மேல் காசு அளவுக்கு ஒரு சொட்டு பளபளத்தது. வெர்னா பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்து, பூட்ஸை அதன் மேல் ஊன்றிக்கொண்டாள்.

"அவ்வளவுதான் போல. ரத்தம் நின்னுடுச்சு. மேல் காயமா இருக்கும். சில நேரம் இப்படித்தான் ஆகும், கார்லீன். மனசத் தேத்திக்க." பள்ளிக்கூடத்தில் பாயசம் தீர்ந்துவிட்டால் கடைசியில் நிற்கிற பிள்ளையிடம் பேசுகிற அதே குரல்.

கார்லீன் முகம் வெளுத்தது. "அப்போ சீட்ட மாட்டணுமா?"

"மாட்டணும். அதான முறை."

"மாட்டறேன். சீட்டு போனாப் போகுது." தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆனா அது எங்கியோ படுத்துகிட்டு, நாம வர்றோமான்னு காதத் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருக்கும் இல்ல? நான் நாலு கால்ல தவழ்ந்தாவது தேடறேன் வெர்னா. நீ வேணா வீட்டுக்குப் போ. உனக்கு வேலை கெடக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை, பட்டணத்துக்காரி, வெளுப்புக் கால்சட்டையோடு, மேட்டுப் பக்கம் முட்டி போட்டு இலை இலையாகப் புரட்ட ஆரம்பித்தாள்.

வெர்னா நின்றாள். ஒரு மணி நேரம் தேடிவிட்டுப் போனவள் அவள். அன்று மழைக்கு அப்பால் எங்கேயோ அதுவும் காதைத் திருப்பிக் கேட்டிருக்கும்; இவள் காலடி தூரப் போவதைக் கேட்டிருக்கும். அப்போது அவள் மனம் இளகிற்று. கால் தானாக உயர்ந்தது.

"அங்க இல்லடி. இங்க பாரு."

அங்கிருந்து அறுபது அடிகூட இல்லை. தேவதாரு வேருக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டுக் கிளை. வெர்னா பின்பக்கமாக வந்து அம்பு நுனியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இமைக்கவில்லை. இடது தோளில் கட்டைவிரல் அளவுக்கு ரோமம் முளைக்காத ஒரு தழும்பு இருந்தது.

கார்லீன் அன்று அழவில்லை. கையைப் பிசைந்துகொண்டு சும்மா நின்றாள். அழுதவள் வெர்னா. இடுப்பு உடைந்த மாதிரி உட்கார்ந்து, தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஆறேழு வருஷமாக ஒளிந்து ஒளிந்து அழுதவளுக்கு, வெளிச்சத்தில் அழ வாய்த்தபோது பார்க்க ஆண்பிள்ளை ஒருவன் இல்லை, கோட்டு இல்லை; ஓரகத்தி மட்டும்தான் இருந்தாள். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

குடலை எடுத்துச் சுத்தம் செய்ததும் வெர்னாதான். இருவருமாக இழுத்து வந்து கிழவரின் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் மாதா கோயில் முடிந்து எல்லாரும் கொட்டகையில் கூடினார்கள். தோலை உரித்தாயிற்று. கிழவர் இடது தோளைப் பிரித்தார். கத்தி எதிலோ பட்டு, க்ளிக் என்றது.

"எலும்பா?" என்றான் ஆர்வோ.

"எலும்பு இப்படிப் பேசாது." கிழவர் விரலை விட்டு நோண்டி, ஜவ்வு மூடிய ஒரு துண்டை எடுத்துத் துடைத்தார். துருவேறிய அம்புமுனை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் அவருக்கு அதன் அடையாளம் தெரியவில்லை. "எவனோ தெற்கத்திக்காரன். குத்திட்டு அப்படியே போயிருக்கான் நாய்."

"ஆமா, சனிக்கிழமை வருவானுங்க, சத்தம் போடுவானுங்க, போயிடுவானுங்க" என்றான் ரெய்னோ. "தேடிக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

"தேடறதாவது! பீர் சூடாயிடுமே!" என்றான் ஆர்வோ.

வெர்னா மூலையில் கறி சுற்றும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசவும் அவள் முதுகில் வந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் முடிந்தது. தெற்கத்திக்காரன் எத்தனையோ பாவத்தைச் சுமக்கிறான், இதையும் சுமப்பான்.

"இந்த நொண்டல் இருந்ததாலதான் இது வெளிய சுத்தாம இந்தப் பக்கமே கெடந்திருக்கு" என்றார் கிழவர். "அவன் பாதி வேலைய முடிச்சு வச்சிருக்கான்."

"அப்போ கொம்புலயும் பாதி அவனுக்குத்தான அப்பா?" என்றாள் கார்லீன், தோலை மடித்துக்கொண்டே. "என்னிக்காவது வந்து கேட்டா அறுத்துப் பாதி குடுத்துடறேன்."

"அட, என்ன மனசும்மா உனக்கு!" கிழவர் நெகிழ்ந்துவிட்டார். எங்கே மறுபடி கோட்டைக் கழற்றிவிடுவாரோ என்று இருந்தது.

வசவைப் பொறுத்துக்கொண்டவளால் அந்தப் பாராட்டைப் பொறுக்க முடியவில்லை.

"அவன் இல்ல, அவ!" என்றாள் வெர்னா. "அது என்னோட முனை. அடியில வெட்டு இருக்கும் பாருங்க. இந்த மான மொதல்ல குத்தினது நான்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் எதைச் சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

"மயிருகூடப் படலன்னியே" என்றான் ஆர்வோ மெதுவாக.

"பட்டுச்சு."

"அப்போ அந்தப் பெண்மான்..." என்றான் ரெய்னோ.

கிழவர் முனையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். வெட்டு விரலில் தட்டியது. நிமிர்ந்து மூத்த மருமகளைப் பார்த்தார். "இப்ப எதுக்குச் சொன்ன? கொம்புக்கா?"

வெர்னா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரு வருஷத்தில் ஒரு பொய் போதும் என்று தோன்றியது. "கொம்புக்குத்தான்" என்றாள்.

"மொதல்ல ஆணி. அப்புறம் கொம்பு."

அவள் வீட்டுக்குப் போய், அந்த வருஷத்துக்கு இன்னும் கட்டாத தன் சீட்டை எடுத்து வந்து, எல்லாரும் பார்க்க ஆணியில் மாட்டினாள். வில்லையும் சுவரில் மாட்டினாள். அக்டோபரில் பதினாறு நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் ஓக் மேட்டில் கார்லீனும் இல்லை, அவளும் இல்லை. கார்லீனின் சீட்டு மானோடு தீர்ந்துவிட்டது. அது ஒன்றுதான் வெர்னாவுக்கு ஆறுதல்.

அடுத்த சனிக்கிழமை அவள் சாவ்னாவுக்குப் போகவில்லை. கிழவர் சொன்ன சொல் அப்படி. ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். கதவைத் தட்டிக்கொண்டு கார்லீன் வந்தாள், தோளில் இரண்டு துண்டு.

"கல்லு சூடாயிடுச்சு, வா."

"அப்பா சொன்னது தெரியும்ல?"

"அப்பா அவருகூடக் குளிக்க வேணாம்னுதான சொன்னாரு? நம்ம முறைக்கு அவரு எங்க வர்றாரு? வாடி. ஜன்னல் பலகைல நான் ஒருத்தியே உக்காந்தா நல்லாவா இருக்கு?"

வெர்னா போனாள். ஜன்னல் பலகையில் அவளே உட்கார்ந்தாள். கார்லீன் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். வேண்டுமென்றே நிறைய ஊற்றினாள் என்று வெர்னா இன்றைக்கும் சொல்கிறாள்.

கொம்பை நடுவில் அறுத்தார்கள். இடது பாதி வெர்னாவின் அடுப்புக்கு மேல், வலது பாதி கார்லீனின் அடுப்புக்கு மேல். கிளை நாலு நாலுதான். ஆனால் வெர்னா தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய், கார்லீன் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து இரண்டையும் அளந்திருக்கிறாள். கார்லீனுடையது கால் அங்குலம் கூட.

இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பூட்ஸ் விஷயத்தை வெர்னா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். "எழுதிக்க. கார்லீனுக்கு இது புதுசா இருக்கும், இருக்கட்டும். அவளுக்கும் ஒரு நாள் தூக்கம் கெடட்டும்" என்று அனுமதியும் கொடுத்தாள். எழுதியதை நேற்று இருவரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். வெர்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்லீன் கம்பளி பின்னிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரிதான். மனசு இளகிச்சுன்னு எழுதியிருக்கியே, அத மட்டும் திருத்திக்க. அவ கால் வைக்கறதுக்கு முந்தியே அந்தச் சொட்ட நான் பாத்துட்டேன். அது படுத்துக் கேட்டுட்டு இருக்கும்னு நான் அந்தப் பேச்ச எடுத்ததே அவ பூட்ஸப் பாத்துத்தான். முட்டி போட்டுகிட்டு மனசுக்குள்ள எண்ணினேன். பத்து வரைக்கும் பாக்கலாம், அவ கால எடுக்கலன்னா நானே சொல்லிடலாம்னு. ஒம்போதுலதான் எடுத்தா."